செப்டிக் டேங்க் லாரியும் நம் ஈரலும்

எங்கள் பக்கம் செப்டிக் டேங்க் லாரிகள் இப்போது நேராகத் தோட்டத்துக்கே வந்துவிடுகின்றன. முன்னே வாழைக்கும் தென்னைக்கும் விட்டார்கள். போன வருஷத்திலிருந்து கத்தரிக்கும் கீரைக்கும் விடுகிறார்கள். பக்கத்துத் தோட்டத்துத் தம்பியிடம் கேட்டேன். "ஒரு டிராக்டர் சாணி என்ன வெலைன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா அண்ணா? இது சும்மா கெடைக்குது. ரசாயனமும் இல்ல. இதுவும் இயற்கைதானுங்களே" என்றார்.

மனிதக் கழிவு உரமாகாது என்று நான் சொல்லவில்லை. நன்றாக மக்கினால் நல்ல உரம்தான். மக்காமல் மண்ணுக்கு வந்தால் நாக்குப்பூச்சி முட்டையும் கூடவே வருகிறது.

சில ஊர்களில் மண்புழுவையும் நாக்குப்பூச்சி என்பார்கள். நான் சொல்வது குழந்தைகள் வயிற்றிலிருந்து விழுமே, ஒரு சாண் நீள வெளுத்த உருண்டைப்புழு, அது. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். வெளியே வந்த உடனே அந்த முட்டையால் கெடுதல் இல்லை. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால்தான் உள்ளே குஞ்சு முதிரும். நாம் மூடாக்குப் போட்டு வைத்திருக்கும் பாத்தியைவிட அதற்கு நல்ல இடம் எது? ஓடு கெட்டியானது. மண்ணில் வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும். நகக்கண் அழுக்கோடோ, சரியாக அலசாத கொத்தமல்லியோடோ வாய்க்குள் போகும்.

"வயித்துப் பூச்சிதானே" என்று லேசாகச் சொல்கிறோம். ஆனால் குடலில் பொரித்த குஞ்சு, குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தோடு முதலில் போய்ச் சேருவது ஈரலுக்கு. அங்கிருந்து நுரையீரல், தொண்டை, மறுபடி குடல். இந்தச் சுற்று பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே முடிந்துவிடும். வில்லங்கம் பண்ணுவது வளர்ந்த புழு. சின்ன ஓட்டை கண்டால் நுழைகிற குணம் அதற்கு. சிறுகுடலின் தொடக்கத்தில் பித்தநீர் வந்து விழும் வாய் இருக்கிறது. அதற்குள் ஏறிவிட்டால் பித்தநீர் அடைபடும், குழாயில் சீழ் பிடிக்கும், ஈரலிலேயே சீழ்க்கட்டி வரலாம். உள்ளேயே செத்துப்போனால் அதைச் சுற்றிக் கல் சேரும். காஷ்மீரில் மருத்துவர் குரூவும் அவரது குழுவும் 1990-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, இப்படிப் பித்தக்குழாயிலும் ஈரலிலும் கணையத்திலும் புழுவால் அவதிப்பட்ட 500 பேரைப் பற்றியது.

எங்கள் ஊரில் களையெடுக்க வரும் ஒரு அக்காவுக்கு வலது விலாவுக்குக் கீழே பிடுங்கி எடுக்கிற வலி, குளிர்காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள். காமாலை என்று ஒரு வாரத்துக்கு மேல் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். கீழாநெல்லி மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் குழாயைப் புழு அடைத்துக்கொண்டிருக்கும்போது இலைச்சாறு என்ன செய்யும்? ஸ்கேனில் குழாய்க்குள் நீளக் கோடாகத் தெரிந்தது. வாய் வழியாகக் கருவி விட்டு இழுத்தார்கள். "வெளிய வந்தும் நெளிஞ்சுச்சுங்க" என்றான் அவர் மகன். அது எந்தத் தோட்டத்து முட்டை என்று யாராலும் சொல்ல முடியாது. காமாலையோடு வலியும் குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மாட்டுச் சாணியில் இந்தப் புழு வராது. ஜீவாமிர்தம் கலக்குகிறவர்கள் பயப்பட வேண்டாம். மனிதக் கழிவு கலந்த குவியல் என்றால் 55 டிகிரிக்கு மேல் பல நாள் தொடர்ந்து வேக வேண்டும். அதாவது, நடுவில் கை வைத்தால் சுட வேண்டும். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி பலமுறை புரட்டிப் போட வேண்டும். மண்புழு உரத்தில் அந்தச் சூடு கிடையாது, சூடேறினால் மண்புழுவே செத்துவிடும். அதனால் மண்புழுத் தொட்டியை நம்பி இந்தக் கழிவைக் கொட்டாதீர்கள். எங்கள் வீட்டில் இரட்டைக் குழிக் கழிப்பறை. ஒரு குழி நிரம்பினால் மூடி இரண்டு வருஷம் தொடுவதில்லை. அப்புறமும் அந்த உரம் மரத்துக்குத்தான், கீரைப்பாத்திக்கு இல்லை.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். ஆனால் அது முக்கியமாக 1 முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. நம் பாத்தியில் வெறுங்காலோடு உட்கார்ந்து களையெடுப்பவர்களுக்கு வயது நாற்பது, ஐம்பது. அவர்களுக்கும் பூச்சி மாத்திரை வேண்டுமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் வரப்போரம் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும் வைப்பது தோட்டக்காரர் வேலை.