தண்டிக்காமல் விட்டுவிடும் மலை

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், செல்கர்க் மலைத்தொடரின் டுரண்ட் பனியாற்றுப் பகுதிக்குச் சாலை கிடையாது. ஹெலிகாப்டரில் போய் இறங்குகிறார்கள். விடுதியில் தங்கிக் காலையில் பனிமேல் நடந்து மேலேறி, பிறகு சறுக்கி இறங்குகிறார்கள். 2003 ஜனவரி 20 அன்று, லா டிராவியாட்டா என்று பெயரிடப்பட்ட ஒரு சரிவில் ஏறிக்கொண்டிருந்தவர்கள்மீது பனிச்சரிவு வந்தது. 13 பேர் அதில் சிக்கினார்கள், 7 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் கிரெய்க் கெல்லி. ஸ்னோபோர்டில் பலமுறை உலக சாம்பியனாக இருந்து, புகழின் உச்சியில் போட்டிகளைத் துறந்து, ஆளரவமற்ற மலைகளைத் தேடிப் போனவர். மலை வழிகாட்டியாகத் தேர்ச்சி பெறுவதற்கான பயிற்சியிலும் இருந்தார். குழுவை நடத்திச் சென்றவரும் அந்த மலைகளைப் பல ஆண்டுகளாக அறிந்த தொழில்முறை வழிகாட்டி. விவரம் தெரியாதவர்கள் போய் மாட்டிக்கொண்டார்கள் என்று இந்த விபத்தை ஒதுக்கிவிட முடியாது. பனிமலையில் அனுபவம் என்பதை நாம் எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியை அது எழுப்புகிறது. என் கருத்தில், மற்றத் துறைகளில் நம்புகிற அளவுக்கு நம்பக்கூடாது. காரணம், பெரும்பாலான தவறுகளை இந்த மலை தண்டிக்காமல் விட்டுவிடுகிறது.

அங்கே போவது எதற்காக என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் போகிறவர்கள் வெறும் பைத்தியக்காரர்களாகத் தெரிவார்கள். வழக்கமான பனிச்சறுக்குத் தலங்களில் கம்பிவண்டி மேலே ஏற்றிவிடும், இயந்திரங்கள் பனியைச் சமன்படுத்தி இறுக்கி வைத்திருக்கும். காவலர்கள் அதிகாலையிலேயே வெடிவைத்து, ஆபத்தான பனியைச் சரியச் செய்துவிடுவார்கள். இந்த எல்லைக்கு அப்பால் கிடப்பது யார் காலும் படாத பொடிப்பனி. குளிரில் காற்றில்லாமல் விழுந்த புதுப்பனியின் கன அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் காற்றுதான். அதில் சறுக்குபவரின் பலகை தரையைத் தொடுவதே இல்லை. முழங்கால் வரையோ இடுப்பு வரையோ புதைந்தபடி, உராயும் ஓசைகூட இல்லாமல், மிதந்து இறங்குகிறார். மேலே போவதற்குப் பலகையின் அடியில், முன்னே நகரவும் பின்னே வழுக்காமல் பிடிக்கவும் கூடிய மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொள்கிறார்கள். ஸ்னோபோர்டுக்காரர்கள் நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் பலகையைக் கொண்டுவருகிறார்கள். சில நிமிட இறக்கத்துக்காகப் பல மணி நேரம் ஏறுகிறார்கள். அந்த இன்பம் உண்மையானது. சிக்கலும் அந்த இன்பத்துக்குள்ளேயே இருக்கிறது, ஏனென்றால் பொடிப்பனி மிகச் சிறப்பாக இருக்கும் நேரமும், சரிவு மிக ஆபத்தாக இருக்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றுதான். அது பெரும்பனி பெய்து முடிந்த மறுநாள்.

மலைமேல் கிடக்கும் பனி ஒரே கட்டி இல்லை. குளிர்காலம் முழுவதும் ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. இடையில் மழை பெய்தால் மேற்பரப்பு உறைந்து கண்ணாடிப் படலமாகிவிடும். தெளிந்த வானமுள்ள இரவுகளில் பனிப்பரப்பின்மேல் இறகுபோன்ற படிகங்கள் முளைக்கும். அடுத்த பொழிவு இவற்றை மூடிவிட்டால், ஒன்றோடொன்று ஒட்டாத ஒரு பலவீனமான அடுக்கு உள்ளே ஒளிந்துகொள்கிறது. சாய்ந்த பலகையில் கடுகைப் பரப்பி அதன்மேல் இன்னொரு பலகையை வைத்தால் எப்படி நிற்கும், அப்படித்தான் மேலடுக்கு நிற்கிறது. சாய்வு 30 பாகைக்கு மேல் இருந்தால் ஓர் ஆளின் எடையே போதும்: ஓரிடத்தில் உடையும் அடுக்கு நொடிகளில் சரிவின் அகலம் முழுவதும் விரிசல் விட்டு, மேலிருக்கும் பனி மொத்தமாக நழுவுகிறது. லா டிராவியாட்டாவில் உடைந்தது, அதற்கு முந்தைய நவம்பரில் உருவாகிப் புதைந்து கிடந்த அடுக்கு. பொழுதுபோக்குக்காக மலைக்குப் போய்ப் பனிச்சரிவில் இறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், சரிவைக் கிளப்பியவர் அவரோ அவருடைய குழுவில் ஒருவரோதான். மலை தானாக அவர்கள்மேல் விழவில்லை.

அப்படியானால் தவறுகளிலிருந்து கற்றுக்கொண்டு திருந்த வேண்டியதுதானே? தவறு தவறாகத் தெரிந்தால்தான் அது நடக்கும். ஒரு குழு இருபதில் ஒரு முறை உடையக்கூடிய சரிவில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தொன்பது முறை அவர்களுக்குக் கிடைப்பது அருமையான சறுக்கலும் நண்பர்களின் பாராட்டும்தான். முடிவு தவறாக இருந்தும், மலை அதைச் சரி என்று சொல்லி அனுப்புகிறது. டேனியல் கானெமன், கேரி க்ளைன் என்ற இரு உளவியலாளர்கள் 2009-ல் சேர்ந்து எழுதிய கட்டுரை இதை விளக்க உதவும். உள்ளுணர்வின் மதிப்பைப் பற்றி எதிரெதிர் நிலைகளில் நின்ற அவ்விருவரும், சூழல் ஒழுங்கானதாக இருந்து, தவறுக்கு உடனுக்குடன் மறுமொழியும் கிடைத்தால்தான் உள்ளுணர்வு நம்பத்தக்கதாக வளரும் என்பதில் ஒன்றுபட்டார்கள். சதுரங்கம் அத்தகைய சூழல். பனிச்சரிவு அப்படியில்லை. இருபது ஆண்டுகள் சறுக்கியவரிடம் இருப்பதில் எவ்வளவு அறிவு, எவ்வளவு அதிர்ஷ்டம் என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

சான்றுகளும் இதையே காட்டுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கேமன், 1972 முதல் 2003 வரை நிகழ்ந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்தார். பழக்கப்பட்ட இடங்களில், பயிற்சி பெற்ற குழுக்களும் பயிற்சி அதிகம் இல்லாதவர்கள் அளவுக்கே ஆபத்தில் நுழைந்திருந்தன. இடத்தின் பழக்கம் படிப்பின் பயனைத் தின்றுவிட்டது. 2012 பிப்ரவரி 19 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பாஸ் அருகே, டனல் கிரீக் என்ற சரிவின் உச்சியில் 16 பேர் கூடினார்கள். அந்த மலையை வீடுபோல அறிந்த உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள், தொழில்முறைச் சறுக்கு வீரர்களும் பனிச்சறுக்கு இதழ்களில் எழுதுபவர்களும் இருந்தார்கள். அன்றைய முன்னறிவிப்பு ஆபத்தை எச்சரித்திருந்தது. பலருக்கு உள்ளுக்குள் தயக்கம் இருந்ததை, தப்பியவர்கள் பின்னர் பத்திரிகையாளர்களிடம் சொன்னார்கள். இத்தனை விவரம் தெரிந்தவர்கள் இருக்கும்போது நாம் எப்படிக் கேட்பது என்று ஒவ்வொருவரும் வாய்மூடி இருந்துவிட்டார்கள். மூவர் இறந்தார்கள். திறமைசாலிகள் கூடக்கூடக் கேள்விகள் குறைந்துபோகின்றன என்பதே இந்த நிகழ்வில் என்னை அதிகம் உறுத்துவது.

இப்போதுதான் நல்ல கருவிகள் வந்துவிட்டனவே என்பார்கள். புதைந்தவரின் இடத்தை 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் காட்டும் டிரான்ஸீவர், குத்திப் பார்க்கும் நீள்கம்பி, மண்வெட்டி, முதுகுப்பையிலிருந்து விரியும் காற்றுப்பை எல்லாம் உயிர்களைக் காத்திருக்கின்றன. டனல் கிரீக்கில் அடித்துச் செல்லப்பட்டு உயிர் பிழைத்த ஒருவர் காற்றுப்பை அணிந்திருந்தார். இவற்றை எடுத்துச் செல்லாமல் போவது பொறுப்பின்மை. ஆனால் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணி நேரமானால் மூன்றில் ஒருவர்தான் மிஞ்சுகிறார். சரிந்து நின்ற பனி இறுகிவிடும். ஒரு மீட்டர் ஆழம் தோண்டுவதற்கே நிமிடங்கள் பறந்துவிடும். தொலைமலையில் மீட்பு என்றால் உடன் வந்த தோழர்கள்தான், வேறு யாரும் வந்துசேர நேரமிருக்காது. மேலும் கனடாவின் மேற்குப் பகுதியில் நடந்த மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மரத்திலும் பாறையிலும் மோதி ஏற்பட்ட காயங்களால் வந்தவை. அங்கே டிரான்ஸீவர் காட்டிக்கொடுப்பது உடலை மட்டுமே.

தடைசெய்துவிடலாமே என்பது இன்னொரு பக்கத்துக் குரல். லா டிராவியாட்டா விபத்து நடந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், 2003 பிப்ரவரி 1 அன்று, அதே மலைத்தொடரின் ரோஜர்ஸ் பாஸ் அருகே பள்ளிச் சுற்றுலா வந்த 7 மாணவர்கள் பனிச்சரிவில் இறந்தார்கள். தடை கேட்பதற்கு அதைவிட வலுவான தருணம் இருந்திருக்க முடியாது. கனடா மலையை மூடிவிடவில்லை. நாட்டுக்கென ஒரு பொதுப் பனிச்சரிவு மையத்தை 2004-ல் அமைத்தது. தேசியப் பூங்காக்களில் நிலப்பகுதிகளை எளியது, சவாலானது, சிக்கலானது என்று தரம் பிரித்து, மாணவர் குழுக்கள் எங்கே போகலாம், எங்கே தகுதிபெற்ற வழிகாட்டியோடு மட்டும் போகலாம், எங்கே போகவே கூடாது என்று விதித்தது. இதைச் சரியான பாதை என்றே கருதுகிறேன். தடை போட்டால் மலையேறிகள் மறைந்துவிட மாட்டார்கள், அவர்களைப் பற்றிய தகவல்தான் மறையும். குழந்தைகள் தாமாக ஆபத்தை ஏற்றுக்கொண்டவர்கள் அல்லர் என்பதால் அவர்களுக்கு மட்டும் கடுமையான விதி பொருந்தும்.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி நெருங்கி வந்துவிட்டது. காஷ்மீரின் குல்மார்கில் 2005 முதல் கம்பிவண்டியின் இரண்டாம் கட்டம் ஆட்களை ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகிறது. மணிக்கணக்கில் ஏறும்போது பனியைக் கவனிக்கக் கிடைக்கும் நேரம் அங்கே இல்லை. வண்டியிலிருந்து இறங்கிச் சற்று விலகினாலே அடங்காத மலைதான். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அங்கே பனிச்சரிவில் இறந்தார்கள்.

அனுபவத்தை நம்பக்கூடாதென்றால் எதைத்தான் நம்புவது? மலையின் அழகு கண்ணை மறைப்பதற்கு முன்பே, ஊரில் உட்கார்ந்து எடுத்த முடிவை. சுவிட்சர்லாந்தின் வெர்னர் முன்டர், 1990-களில், அன்றைய ஆபத்து நிலைக்கு ஏற்ப எவ்வளவு சாய்வுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கிடும் எளிய முறையைப் பரப்பினார். பனியைத் தோண்டிப் பார்த்து அதன் உள்ளத்தைப் படித்துவிடலாம் என்று நம்பிய வல்லுநர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சரிவில் ஓரிடத்தில் தோண்டினால் பத்தடி தள்ளி என்ன இருக்கிறது என்று தெரியாது என்பதே முன்டர் பக்கத்து நியாயம். இப்படிக் கணக்குப் போட்டால் நல்ல சரிவுகள் பலவற்றை வீணாக இழப்போமே என்ற ஆட்சேபம் உண்மைதான், இழக்கத்தான் வேண்டும். கனடாவின் ஹெலிகாப்டர் சறுக்கு நிறுவனங்கள் இந்த இழப்பை நாள்தோறும் ஏற்கின்றன. காலையில் வழிகாட்டிகள் கூடி, இன்று எந்தச் சரிவுகள் திறந்திருக்கும் என்று பட்டியல் போடுகிறார்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தச் சரிவு மூடப்படும். அவர்களுக்கும் பெரும் விபத்துகள் நேர்ந்திருக்கின்றன: 1991-ல் பூகபூ மலைகளில் ஒரே பனிச்சரிவில் 9 பேர் இறந்தார்கள். ஆயினும் அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரு விதியை, நண்பர்களாகச் சேர்ந்து போகும் எந்தச் சிறு குழுவும் செலவின்றி எடுத்துக்கொள்ளலாம். திறந்ததாகக் குறித்த சரிவை மலையில் நின்றுகொண்டு எந்த வழிகாட்டியும் மூடலாம். மூடியதாகக் குறித்த சரிவை, பனி எவ்வளவு அழகாகக் கிடந்தாலும், அன்று யாரும் திறக்க முடியாது.