சிங்களத் திரையின் முதற்குரல்

சிங்களத் திரைப்படத்தின் கதையைச் சொல்லப் புகுவோர் எவராயினும் ருக்மணி தேவியின் பெயரைக் கூறாமல் தொடங்க இயலாது. ஆயின், அப்பெயர் மேடைக்காகச் சூட்டப்பட்ட பெயர் என்பதும், பெற்றோர் இட்ட பெயர் டெய்சி இராசம்மா டானியல்ஸ் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இராசம்மா என்னும் அப்பெயர் ஒன்றே, அவர் எவ்வழி வந்தவர் என்பதை நமக்கு உணர்த்தப் போதுமானது.

1923ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி, நுவரெலியாவைச் சார்ந்த இறம்பொடையில், கொழும்புச் செட்டி கிறிஸ்தவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். மலைநாட்டிற் பிறந்த அக்குழந்தை கொழும்பிலே கல்வி கற்று வளர்ந்தது. நடிப்பும் இசையும் இளமையிலேயே அவரை வந்தடைந்தன. பாடசாலைப் பருவம் கடக்குமுன்னரே சிங்கள இராமாயண நாடகத்திற் சீதையாகத் தோன்றிச் சபையோரின் உள்ளத்தைக் கவர்ந்தார். முப்பதுகளின் இறுதியில் அவரது குரல் இசைத்தட்டில் ஏறியது. புத்தகயா விகாரையைப் போற்றும் பாடலொன்றை, கிறிஸ்தவ இல்லத்தில் வளர்ந்த அத்தமிழ்ப் பெண், எச்.டபிள்யூ. ரூபசிங்கவுடன் இணைந்து பாடினார். அப்பாடல் பௌத்த இல்லங்களிலெல்லாம் பக்தியோடு கேட்கப்பட்டது. பாடியவர் எம்மதத்தவர் என்று அன்று எவரும் வினவினாரில்லை.

அந்நாளில் நாடக மேடை ஏறும் பெண்ணைச் சமூகம் இன்முகத்தோடு நோக்கியதில்லை. நற்குடும்பத்துப் பெண்ணுக்கு அது தகாது என்பதே பலரது எண்ணமாயிருந்தது. அவ்வெண்ணத்தையும் பொருட்படுத்தாது, நீர்கொழும்பில் பி.ஏ.டபிள்யூ. ஜயமான்ன நடத்திய மினர்வா நாடகக் குழுவில் அவர் சேர்ந்தார். ஆங்கு நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்றிருந்த எடி ஜயமான்ன, நாடகாசிரியரின் சகோதரர். அவரையே ருக்மணி தேவி தம் வாழ்க்கைத் துணைவராக ஏற்றார்.

அக்குழு மேடையேற்றிய ‘கடவுனு பொறொந்துவ’ என்ற நாடகமே இலங்கையின் முதலாவது சிங்களப் பேசும்படமாயிற்று. அதனைத் தயாரித்தவர் தென்னிந்தியரான எஸ்.எம். நாயகம், நெறிப்படுத்தியவர் ஜோதிஷ் சிங். இலங்கையில் அக்காலத்தில் தக்க படப்பிடிப்பு நிலையம் இல்லாமையால், நடிகர் குழுவினர் கடல் கடந்து சென்று மதுரையிலே நடித்தனர். 1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் அப்படம் திரையிடப்பட்டது. தம் தாய்மொழி திரையிலிருந்து ஒலிப்பதைச் சிங்கள மக்கள் முதன்முறையாகக் கேட்ட வேளையில், கதாநாயகியாக நின்று பேசியவரும் பாடியவரும் ருக்மணி தேவியே. முதற் சிங்களப் படம் தமிழகத்து மண்ணில் உருவாயிற்று. அதன் நாயகி ஒரு தமிழ்ப் பெண். இதனை நாம் பெருமைக்காகக் கூறவில்லை. கலை வளர்ந்த வழி இதுவென்பதை நினைவூட்டவே கூறுகின்றோம்.

அதன்பின் ‘கபடி ஆரக்ஷகயா’ முதலான படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அழகிய முகமுடையார் நடிக்க, இனிய குரலுடையார் மறைவிலிருந்து பாடும் வழக்கம் பின்னாளில் வேரூன்றியது. ஆனால் ருக்மணி தேவிக்கோ இரவற் குரல் வேண்டியதில்லை. அவரே நடித்தார், அவரே பாடினார். சி.ரி. பெர்னாண்டோவுடன் இணைந்து அவர் பாடிய ‘மல்பர ஹிமிதிரியே’ இன்றும் கேட்போரை உருக்குகின்றது.

1956ஆம் ஆண்டு இருவகையில் நினைக்கத்தக்கது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் அவ்வாண்டில் நிறைவேறியது. மொழியின் பெயரால் நாடு பிளவுபட்ட அந்நாளிலும், சிங்கள மக்கள் தம் திரையின் அரசியெனப் போற்றிய பெண்மணி பிறப்பால் தமிழராகவே இருந்தார். சட்டத்தை எதிர்க்கும் ஆற்றல் ஒரு பாடலுக்கு இல்லை என்பது உண்மைதான். எனினும், சட்டம் வகுத்த எல்லைக்கு அப்பாலும் மனிதர் ஒருவரையொருவர் நேசித்தனர் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாக நிற்கின்றது.

அதே ஆண்டில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ வெளிவந்தது. தென்னிந்திய நிலையங்களின் செயற்கைக் காட்சிகளை விடுத்து, கமெரா கிராமத்து வெளிக்குச் சென்றது. நாடக மேடையின் சாயல் படிந்த நடிப்புக்கு மெல்லமெல்ல மதிப்புக் குன்றலாயிற்று. புதிய முகங்கள் வந்தன. முன்னோடியின் இடம் சுருங்கியது. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. எவருடைய வரவால் பழைய பாணி மங்கிற்றோ, அந்த லெஸ்டரின் நெறியாள்கையிலேயே 1978ஆம் ஆண்டின் ‘அஹஸின் பொலவட்ட’ படத்தில் நடித்து, காலத்தோடு தாமும் வளர வல்லவர் என்பதைக் காட்டினார்.

கதாநாயகி வேடங்கள் குறைந்த பின்னர் ஊரூராக நடைபெறும் இசை நிகழ்ச்சிகளே அவருக்கு மேடையாயின. ஒரு காலத்தில் நாட்டையே ஆட்கொண்ட நடிகை, ஐம்பது வயதைக் கடந்த நிலையிலும் இரவுப் பயணங்களை மேற்கொண்டு பாடி வந்தார். 1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி, மாத்தறையில் நிகழ்ச்சியொன்றிற் பாடிவிட்டு நீர்கொழும்பு இல்லத்துக்குத் திரும்பும் வழியில், ஜா-எலவை அடுத்த துடெல்லவில் வாகனம் விபத்துக்குள்ளாகி அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

நட்சத்திரங்களின் ஒளியை மட்டுமே காண்பது நம் வழக்கம். அவ்வொளிக்காக அவர்கள் இறுதிவரை உழைத்த உழைப்பை நாம் காண்பதில்லை. இறம்பொடையின் இராசம்மா சிங்களத் திரைக்கு முதற்குரல் ஈந்தார். பாடிய களைப்போடு வீடு திரும்பும் வழியிலே வாழ்வை முடித்தார். அவரைச் சிங்களவர் தம்மவரென்று உரிமை கொண்டாடுவது நியாயமே. தமிழராகிய நாமும் அவரை மறவாதிருத்தல் வேண்டும். இரு மொழியினருக்கும் உரிய நினைவுகள் இந்நாட்டில் அரிதாகிவிட்ட காலத்தில், அவற்றுள் ஒன்றையேனும் பேணிக் காப்பது நம் கடனன்றோ!