சத்தத்தின் விலை

கடந்த மாதம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பொறியியல் முடித்து வேலைக்குச் சேர்ந்து ஓராண்டாகிறது. அவனுடைய தந்தை வாங்கி ஆறு ஆண்டுகள் ஓட்டிய சிறிய பெட்ரோல் கார் இப்போது அவன் கையில் இருக்கிறது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் குடும்பத்தோடு போய்வருவதற்கென்று வாங்கிய அந்தக் காரின் ஓசையைப் பந்தயக் காரின் உறுமலைப் போல மாற்ற வேண்டும் என்பது அவனது ஆசை. கையிருப்பில் சில ஆயிரம் ரூபாய் குறைகிறது. மாமனிடம் கேட்டால் கிடைக்கும் என்று வந்திருந்தான்.

நான் தயங்குவதைக் கண்டு, "வெறும் சத்தம்தானுங்க மாமா. இதனால யாருக்கு என்னங்க நஷ்டம்?" என்றான்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பொருளியல் கற்பித்த ஒருவனிடம் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அது. அவனை உடனே கடிந்துகொள்ளும் தகுதியும் எனக்கு இல்லை. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். ஓர் ஆசையை மறுப்பதற்கு முன் அது என்ன என்று தெரிந்துகொள்வதே முறை என்பதால், காரின் ஓசை எப்படிப் பிறக்கிறது, அதை எவ்வாறெல்லாம் மாற்றுகிறார்கள் என்று படித்தும் மெக்கானிக்குகளிடம் கேட்டும் அறிந்துகொண்டேன்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை எரிபொருளை எரிக்கிறது. எரிந்து முடிந்த வாயு, வால்வு திறந்தவுடன் அழுத்தத்தோடு குழாய்க்குள் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் ஓசையின் மூலம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது மூன்று சிலிண்டர் எஞ்சினில் விநாடிக்கு 75 முறையும், நான்கு சிலிண்டர் எஞ்சினில் 100 முறையும், எட்டு சிலிண்டர் எஞ்சினில் 200 முறையும் இது நிகழ்கிறது. எரிதல்களுக்கு இடையிலான இடைவெளி, குழாய்கள் ஒன்றுசேரும் விதம், குழாயின் நீளம், அகலம் ஆகியவை சேர்ந்து ஒவ்வொரு காருக்கும் ஒரு குரலைத் தருகின்றன. நம் நாட்டுக் குடும்பக் கார்களில் பலவும் இன்று மூன்று சிலிண்டர் எஞ்சின் கொண்டவை. அவற்றின் சைலன்சரை மாற்றினால் சத்தம் கூடுமே தவிர, எட்டு சிலிண்டரின் குரல் வந்துவிடாது. சீவாளியை மாற்றுவதால் நாகஸ்வரம் தவிலாகிவிடுவதில்லை.

அந்தப் பாய்ச்சலை அடக்குவதற்கு அமெரிக்காவின் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றனர். இன்றைய சைலன்சருக்குள் அறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கின்றன. ஒலி அலைகள் அவற்றில் மோதித் திரும்பி ஒன்றையொன்று தணித்துக்கொள்கின்றன. சிலவற்றில் கண்ணாடி இழைப் பஞ்சு வைத்து ஒலியை உறிஞ்சச் செய்கிறார்கள். சைலன்சருக்கு முன்னால் ரெசொனேட்டர் என்ற சிறு கலமும், அதற்கும் முன்னால் நச்சு வாயுக்களைத் தணிக்கும் வினையூக்கி மாற்றியும் உள்ளன.

ஓசையை மாற்றுவோர் கைவைப்பது இந்த வரிசையில்தான். மிக எளியது, குழாயின் முனையில் பளபளக்கும் பெரிய வாய் ஒன்றைப் பொருத்துவது. அது பார்வைக்கு மட்டுமே. ஓசையில் பெரிய மாற்றம் இராது. அடுத்தது, காற்று வடிகட்டியை மாற்றுவது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் ஒலி சற்றுத் தூக்கலாகக் கேட்கும். மூன்றாவது, பின்பக்கச் சைலன்சரையோ ரெசொனேட்டரையோ எடுத்துவிட்டு, தடுப்புகள் குறைந்த வேறொன்றைப் பொருத்துவது. நான்காவது, சைலன்சரே இல்லாமல் நேர்க்குழாய் போடுவது. ஐந்தாவது, வினையூக்கி மாற்றியையும் அகற்றிவிடுவது. ஆறாவது, எஞ்சினின் கணினியைத் திருத்தி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் எரியாத பெட்ரோல் குழாய்க்குள் சென்று வெடிக்கும்படி செய்வது. தெருவில் பட்டாசு வெடித்தாற்போல் கேட்பது இதனால்தான்.

இவற்றால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை இளைஞர்களிடம் பரவலாக உள்ளது. சிறிய எஞ்சினில் அளவுக்கு மீறி அகலமான குழாயைப் பொருத்தினால் வாயுவின் வேகம் குறைந்து, நகர நெரிசலில் தேவைப்படும் கீழ்நிலை இழுவிசை குறையக்கூடும். சத்தம் வேறு, சக்தி வேறு. ஃபார்முலா ஒன் பந்தயத்திலேயே 2014-இல் டர்போவுடன் கூடிய ஆறு சிலிண்டர் கலப்பின எஞ்சின்கள் வந்தபோது சத்தம் வெகுவாகக் குறைந்தது. காதுக்கு விருந்தில்லை என்று ரசிகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். கார்கள் மட்டும் வேகமாகவே ஓடின.

வினையூக்கி மாற்றியை அகற்றுவது இவற்றில் மிக மோசமானது. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களின் துணையோடு கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கருவி அது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995-இல் கட்டாயமாக்கப்பட்டது. அதை எடுத்துவிட்டால் கார் இரைச்சலோடு நஞ்சையும் உமிழும். குழாயை வெட்டி ஒட்டிய இடத்தில் கசிவு இருந்தால், நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு காருக்குள்ளேயே நுழையலாம். பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர்கள் நம் தாயும் தங்கையும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஒலி, காற்று மாசு வரையறைகளை மீறிய வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதங்களுக்குத் தகுதி இழக்கும்.

டெசிபல் கணக்கும் பலருக்குப் புரிவதில்லை. புதிய காருக்கு அனுமதிக்கப்பட்ட ஒலி, தயாரிப்பு நிலைச் சோதனையில் 74 டெசிபல். ஒரு கார் 84 டெசிபல் எழுப்பினால், பத்துதானே கூடுதல் என்று தோன்றும். ஆனால், டெசிபல் மடக்கை அளவு. 84 டெசிபல் எழுப்பும் ஒரு கார், 74 டெசிபல் எழுப்பும் பத்துக் கார்கள் ஒன்றாகச் சென்றதற்குச் சமம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரையறை என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்.

சரி, "யாருக்கு நஷ்டம்" என்ற கேள்விக்கு வருவோம். ஆர்தர் பிகு 1920-இல் எழுதிய "நல்வாழ்வுப் பொருளியல்" நூலில் இதற்கு விடை இருக்கிறது. ஒருவர் செய்யும் செயலின் பயன் அவருக்கும், செலவின் ஒரு பகுதி தொடர்பே இல்லாத பிறருக்கும் போய்ச் சேர்ந்தால், அந்தச் செயல் அளவுக்கு மீறி நடக்கும்; அவர் செலுத்தும் விலையில் பிறர் படும் துன்பம் அடங்கியிருக்காது என்பதே காரணம். சைலன்சர் கடைக்காரர் எழுதித்தரும் ரசீதில், எதிர்வீட்டுக் குழந்தை விழித்து அழுவதற்கான தொகை இருக்காது.

இதற்கு மறுமொழி போல ரொனால்டு கோஸ் 1960-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்தாண்ட வழக்குகளில் ஒன்று சத்தத்தைப் பற்றியதே. லண்டனில் இனிப்புப் பண்டம் செய்பவர் ஒருவர் பல்லாண்டுகளாக உரலில் இடித்துவந்தார். பக்கத்து வீட்டு மருத்துவர் அந்தச் சுவரையொட்டித் தம் ஆலோசனை அறையைக் கட்டினார். உரல் சத்தத்தில் நோயாளிகளின் நெஞ்சொலியைக் கேட்க முடியவில்லை என்று வழக்குத் தொடுத்தார். 1879-இல் தீர்ப்பு மருத்துவருக்குச் சாதகமாக வந்தது. பேரம் பேசுவதற்குச் செலவே இல்லையென்றால், தீர்ப்பு எப்படி இருந்தாலும் இருவரும் பேசி ஒரே முடிவுக்கு வந்திருப்பார்கள் என்றார் கோஸ். ஆனால், நடைமுறையில் பேரம் பேசுவதற்குச் செலவு உண்டு என்பதுதான் அவருடைய கட்டுரையின் உயிர்நாடி.

அந்தச் செலவு எப்படிப்பட்டது என்பதை நான் வகுப்பறைக்கு வெளியில்தான் கற்றுக்கொண்டேன். 1983-இல் கோவையில் இளம் விரிவுரையாளராக இருந்தபோது ஒரு பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிள் வாங்கினேன். டூ ஸ்ட்ரோக் வண்டி என்பதால் சைலன்சரின் உள்ளே இருக்கும் துளைக்குழாயை அவ்வப்போது கழற்றிக் கரி சுரண்ட வேண்டும். ஒருமுறை மெக்கானிக், அதை மாட்டாமலே ஓட்டிப் பார்க்கச் சொன்னார். தெருவே திரும்பிப் பார்த்தது. பிறகு அதை மாட்டவேயில்லை. இரண்டு ஆண்டுகள் அப்படியே ஓட்டினேன். ஆலைப் புகைபோக்கியின் கரி, சலவைத் தொழிலாளி உலர்த்திய துணியில் படிவதை எடுத்துக்காட்டாகச் சொல்லி பிகுவின் கோட்பாட்டை நான் மாணவர்களுக்கு விளக்கியதும் அதே ஆண்டுகளில்தான்.

எங்கள் எதிர்வீட்டில் நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் குடியிருந்தார். நான் அங்கிருந்து வீடு மாறிப் பல ஆண்டுகள் கழித்து, அவருடைய மகள் திருமணத்துக்கு அழைத்திருந்தார். பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க வண்டிய எடுத்தா மணி ஒம்பதுன்னு தெரிஞ்சுக்குவேனுங்க சார். அதுக்கப்புறம் தூக்கம் வராதுங்க."

மூன்றாவது ஷிப்டு முடிந்து காலையில் வந்து படுப்பவர் அவர். அவர் கண்ணயர்ந்த சிறிது நேரத்தில் நான் கல்லூரிக்குக் கிளம்புவேன். அந்த அரைத் தூக்கத்தோடுதான் அவர் மறுபடியும் இரவெல்லாம் ஓடும் இயந்திரங்களுக்கு நடுவே நின்றிருக்கிறார். ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். "வாத்தியாருகிட்ட எப்படிங்க சொல்றது?" என்றார்.

கோஸ் சொன்ன பேரச் செலவு இதுதான். படித்தவர் மீது வைத்த மரியாதையும், பக்கத்து வீட்டுப் பகை வேண்டாம் என்ற எண்ணமும், சொன்னால் என்ன ஆகுமோ என்ற தயக்கமும் சேர்ந்து அவரைப் பேசவிடாமல் செய்தன. புகார் வரவில்லை என்பதால் நட்டமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நட்டம் இருந்தது, அது என் காதுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். சட்டம் தேவைப்படுவது இத்தகைய இடங்களில்தான். பேச முடியாதவருக்காக அது பேச வேண்டும்.

இதில் இன்னொரு பொருளியல் உண்மையும் இருக்கிறது. உரத்த சத்தத்தால் கிடைக்கும் பெருமை, மற்றவர்கள் அமைதியாக இருக்கும்வரைதான். பக்கத்துக் காரும் உறுமத் தொடங்கினால் அதைவிட உரத்துக் கத்த வேண்டும். கொட்டகையில் முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றால் பின்னால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டியதாகும். கால் வலிதான் மிச்சம்.

அதற்காக, இளைஞர்களின் ஆசையை ஏளனம் செய்வதும் சரியன்று. நல்ல எஞ்சினின் ஓசையில் ஓர் அழகு இருக்கத்தான் செய்கிறது. அதற்கு முறையான வழிகளும் உள்ளன. தொழிற்சாலையிலேயே ஓசையைச் சீர்செய்து, சோதனையில் தேறி வரும் குடும்பக் கார்கள் உண்டு. 2021-இல் அறிமுகமான ஹூண்டாய் ஐ20 என் லைன் அத்தகையது. எஞ்சின் ஓசையை ஒலிபெருக்கி வழியே காருக்குள் மட்டும் கூட்டிக் கேட்கச் செய்யும் உத்தியை பிஎம்டபிள்யூ போன்ற நிறுவனங்களே கையாண்டிருக்கின்றன. கேட்க விரும்புபவர் கேட்கலாம், தெருவுக்குத் தொல்லையில்லை. உறுமலை முழுமையாகக் கேட்க வேண்டுமென்றால் கோவை செட்டிப்பாளையத்திலும் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. விரும்பி வருபவர்கள் கூடும் இடம் அது.

அரசுக்கும் சில கடமைகள் உண்டு. பிடிபட்ட சைலன்சர்களைச் சாலை உருளையால் நசுக்கும் காட்சிகளைச் செய்திகளில் பார்க்கிறோம். விற்பவரையும் பொருத்தித் தருபவரையும் விட்டுவிட்டு வாங்கிய இளைஞரை மட்டும் தண்டிப்பதால் பயன் குறைவு. வாகனங்களுக்கான மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ்ச் சோதனையில் புகையை அளக்கிறார்களே தவிர ஒலியை அளப்பதில்லை. அதே நிலையத்தில் ஒலியளவையும் சோதிக்க ஏற்பாடு செய்தால், இரவுச் சாலையில் காவலர் காதால் கேட்டு முடிவு செய்ய வேண்டிய நிலை மாறும்.

தங்கை மகனிடம் அந்த ஆலைத் தொழிலாளியின் கதையைச் சொன்னேன். அவன் முழு மனதோடு ஏற்றுக்கொண்டான் என்று சொல்ல மாட்டேன். ஆனால், சிறிது நேரம் கழித்து, தங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் செவிலியர் இரவுப் பணி முடிந்து காலையில்தான் வருவார் என்று தானாகவே சொன்னான். அவர் எப்போது தூங்குகிறார் என்று அதுவரை அவன் யோசித்ததில்லை. பணம் கொடுத்தேன், புதிய சைலன்சருக்கு அல்ல. சோதித்துப் பார்த்ததில் பழைய சைலன்சரின் இணைப்பில் கசிவு இருந்தது. அதைச் சரிசெய்தோம். அடுத்த பந்தயத்துக்குச் செட்டிப்பாளையம் போவதாக இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

நாம் எழுப்பும் சத்தத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் வாய் திறந்து கேட்க மாட்டார் என்பதற்காக அந்தக் கடன் இல்லையென்று ஆகிவிடாது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).