அன்னையரின் காலை ஒப்பனை

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி நீராடி ஒப்பனை செய்துகொள்ளும் பகுதியைப் பாடமாகப் படித்தோர் நம்முள் பலர். 10 வகைத் துவரும், 5 வகை விரையும், 32 வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் அவள் கூந்தலை முழுக்கினாள் என்று இளங்கோவடிகள் கணக்கிட்டுக் கூறுகின்றார். ஆக 47 பொருள்கள். அதுவும் தலை முழுகுவதற்கு மட்டும். அதன்பின் கூந்தலுக்குப் புகையும், அடிக்குச் செம்பஞ்சுக் குழம்பும், அங்கமெங்கும் அணிகலனுமாக வருணனை நீண்டு செல்கின்றது. மாதவிக்குப் பொழுது இருந்தது. காலை எட்டு மணிக்குள் இரண்டு பிள்ளைகளுக்குச் சோற்றுப்பெட்டி கட்டி, ஒருவனைப் பள்ளி வண்டியில் ஏற்றி, மற்றொருத்தியைப் பாட்டியிடம் ஒப்புவித்து, தானும் பேருந்தைப் பிடிக்கவேண்டிய ஓர் அன்னைக்கு அப்பொழுது இல்லை.

இத்தகைய அன்னையர், கிடைத்த ஐந்து நிமிஷத்தில், தமக்கும் தம் மகவுக்கும் தீங்கு நேராதபடி முகத்தைத் திருத்திக்கொள்வது எவ்வாறு என்பதையே இங்கு விளக்கப் புகுகின்றோம். நம் கல்லூரியின் பழைய மாணவியருள் பலரும், ஆசிரியைமாருள் சிலரும் இந்நிலையினர். இன்று பயிலும் மாணவியர் நாளை இந்நிலையை எய்தக்கூடும். இது பெண்டிர் விஷயம் என்று ஏட்டைப் புரட்டிவிடக் கருதும் மாணவர்களும் சற்றே பொறுத்தல் நலம். அவர்களுக்குரிய சொல்லும் ஒன்று உண்டு.

தாயானவளுக்கு அலங்காரம் எதற்கு என்று கேட்பாரும், அலங்காரமின்றி வெளியிற் புறப்படலாமோ என்று கேட்பாரும் ஒரே வீட்டில் இருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். சில வேளைகளில் இரண்டையும் ஒருவரே கேட்பதும் உண்டு. தந்தையானவன் முகம் மழிப்பதைப்பற்றி இவ்விதம் ஒருவரும் விவாதிப்பதில்லை. 2024-ஆம் ஆண்டில் இந்திய அரசினர் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கின்படி, வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கெனச் சராசரியாக நாளொன்றுக்கு 289 நிமிஷமும், ஆண்கள் 88 நிமிஷமும் செலவிடுகின்றனர். பிள்ளைகளைப் பேணும் நேரம் இக்கணக்கிற் சேராது, அது வேறு. ஆகவே ஐந்து நிமிஷம் தனக்கென எடுத்துக்கொள்ளும் தாயை வீண் ஆடம்பரக்காரி என்று நாம் கருதவில்லை. விரும்பாதவள் அதனையும் விட்டுவிடலாம். அது அவள் உரிமை.

நிற்க. ஒருவர் முகத்தில் இட்ட பொருள் அவர் முகத்தோடு நின்றுவிடும் என்பது பிள்ளையில்லாதார் கணக்கு. கைக்குழந்தை தாயின் கன்னத்தை நக்கும்; கழுத்தைச் சப்பும்; அவள் கண்மையைத் தடவிய விரலை அடுத்த கணமே தன் வாயிலிடும். வாய்வழிச் சென்ற ஈயத்தில், பெரியோர் உடல் ஏற்பதைப்போல் நான்கு ஐந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளும் என உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூறுகின்றனர். தீங்கு செய்யாத அளவு இவ்வளவு என ஈயத்திற்கு ஓர் எல்லை அறியப்படவில்லை என்பதும் அவர்கள் கூற்றே. அது வளரும் மூளையைத் தாக்குவது. ஆதலின் தாயின் ஒப்பனைப் பெட்டியில் ஒரு பொருளைச் சேர்க்குமுன், இது என் முகத்திற்கு ஏற்குமா என்பதோடு, இது என் பிள்ளையின் வாயிற் புகின் என்னாகும் என்பதையும் கேட்டல் வேண்டும்.

இதனை மனத்திற்கொண்டு, ஐந்து நிமிஷத்தை ஒரே இருப்பாகக் கொள்ளாமல் இரண்டாகப் பிரித்துக்கொள்வதே சிறந்த முறை என்போம். நீராடியவுடன் இரண்டு நிமிஷம். வாயிற்படி தாண்டுமுன் மூன்று நிமிஷம். முன்னதில் முகத்தைக் காப்பன; பின்னதில் நிறம் ஊட்டுவன. இடையில் அடுப்பும் பிள்ளையும்.

முதல் இருப்பிற்கு உரியது, சன்ஸ்கிரீன் என வழங்கும் வெயிற்காப்புக் களிம்பு. முகம் வறண்டிருப்போர் ஈரங்காக்கும் களிம்பு ஒன்றை இதற்கு முன் தடவிக்கொள்ளலாம். சென்னையின் புழுக்கத்தில் எண்ணெய் வழியும் முகத்தினர்க்கு அது பெரும்பாலும் வேண்டுவதில்லை. கறுத்த மேனிக்கு வெயிற்காப்பு எதற்கு என்று நம்மவர் வினவுவதுண்டு. கரிய சருமம் வெயிலில் எளிதிற் கன்றிச் சிவப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் கருவுற்ற காலத்திலும் பிள்ளைப்பேற்றின் பின்னும் பல மகளிரின் கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டின் மீதும் பழுப்புநிறத் திட்டுகள் தோன்றுகின்றன அல்லவா? மங்கு என்று நாம் வழங்கும் அதனை வெயில் வளர்க்கின்றது. கருவிலும் பேற்றிலும் உண்டாகும் சுரப்பு மாறுதல்கள் நிறமூட்டும் அணுக்களைத் தூண்டிவைக்க, சூரிய கிரணம் அத்தூண்டுதலை மிகுவிக்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கிரணம் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கரிய சருமத்தில் இவ்வேலையைச் செய்யும் என்பது பின்னர் அறியப்பட்டது. வெண்ணிறக் களிம்புகள் இவ்வொளியை நன்கு தடுப்பதில்லை. இரும்பு ஆக்ஸைடு கலந்து சருமத்தின் நிறம் ஊட்டப்பெற்ற களிம்போ அதனைத் தடுக்கின்றது. அன்றியும், துத்தநாக ஆக்ஸைடு சேர்ந்த வெண் களிம்பு நம் முகத்தில் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும் குறையும் நிறம் ஊட்டியதில் இராது. மங்கையும் ஒருவாறு மறைத்து, அது வளராமலும் காப்பதால், இவ்வொரு குழாய் இரண்டு மூன்று குப்பிகளின் வேலையைச் செய்யும். அவசரத்தில் இருக்கும் தாய் ஒரே ஒரு பொருள்தான் வாங்கலாம் என்றால் நாம் சுட்டுவது இதனையே.

அளவைப்பற்றி ஒரு சொல். ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் நீளத்திற்கும் கோடுபோலப் பிழிந்தெடுத்த அளவு முகத்திற்கும் கழுத்திற்கும் வேண்டும். குழாயின்மீது 30 என்றிருப்பின், சருமத்தைக் கன்றச் செய்யும் கிரணங்களில் முப்பதில் ஒரு பங்கே உட்புகும் என்பது பொருள். 50 எனில் ஐம்பதில் ஒரு பங்கு. நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று, நூற்றுக்கு இரண்டு, வேற்றுமை சிறிதே. ஆனால் இவ்வெண்கள் யாவும் தாராளமாகப் பூசி அளந்தவை. கடலைப் பருப்பளவு எடுத்து முகமெங்கும் இழுப்பவர்க்கு அக்காப்பு கிட்டாது. வெயிலில் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னரே பூசவேண்டும் என்பதால்தான் இதனை நீராடியவுடன் செய்யச் சொல்கின்றோம். இட்டலி வேகும் நேரத்தில் இது படிந்துவிடும். பூசியபின் கையைச் சவுக்காரமிட்டுக் கழுவிவிட்டே குழந்தையைத் தொடவேண்டும். பாலூட்டுவோர் மார்பில் எதனையும் பூசலாகாது. ஆறு மாதத்திற்குட்பட்ட மகவுக்கு நிழலும் துணியுமே காப்பு, களிம்பு அன்று. வைட்டமின் ஏ வழிவந்த ரெட்டினாய்டுக் களிம்புகளைக் கருவுற்ற மகளிர் அறவே விலக்கவேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகின்றோம்.

இனி, வெளுப்பூட்டும் களிம்புகள். இவை ஒப்பனைப் பெட்டியில் இருக்கத்தகாதவை என்று சொல்லிச் சும்மா இருத்தல் போதாது, காரணம் கூறவேண்டும். கேரளத்து மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கலில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரக வடிகட்டியைத் தாக்கும் ஒருவகை நோயோடு வந்த 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று காணப்பட்டது. அப்பதினைவருள் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். பாதரசம் மேனியின் நிறமியை உண்டாக்கும் வினையைத் தடுப்பதால் முகம் சிலநாள் வெளுக்கின்றது. அப்பாதரசமே தோல் வழியாக உட்சென்று சிறுநீரகத்தை அடைகின்றது. அம்மட்டோ? 2010-இல் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சியொன்றில், இத்தகைய களிம்பு பூசிய மகளிரின் வீட்டில் அதனைத் தொட்டறியாத குழந்தைகளின் உடலிலும் பாதரசம் இருக்கக் கண்டனர். துவாலை, தலையணை, தாயின் கன்னம், இவை வழியாகவே அது சென்றிருத்தல் வேண்டும். பாதரசத்தைப்பற்றி 2013-இல் நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை இவற்றைத் தடுக்கின்றது. ஆயினும் பெயரும் முகவரியும் அச்சிடாத டப்பிகள் கடைகளிலும் கைப்பேசி வழியாகவும் விலைப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஏழே நாளில் நிறம் மாறும் என்னும் வாக்குறுதியே அவற்றை அடையாளம் காட்டும்.

இரண்டாம் இருப்பிற்கு வருவோம். பிள்ளைகளுக்கு ஊட்டி முடித்து, விடைபெறும் முத்தத்தையும் கொடுத்த பின்னரே நிறம் ஊட்டும் பொருள்களைத் தொடவேண்டும். முத்தம் முன்னர், சாயம் பின்னர் என்று வைத்துக்கொள்க.

முதற்கண் கண்மை. நம் பாட்டிமார், கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்துலர்த்திய துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த பாத்திரத்திற் படிந்த கரியை வழித்து மை கூட்டினர். அது விளக்குக் கரியேயாகும். சுர்மா என்னும் பெயரால் விற்கப்படும் அஞ்சனமோ பெரும்பாலும் ஈயமும் கந்தகமும் கூடிய கனிப்பொருளைப் பொடித்தது. கண்ணால் பார்த்து இதையும் அதையும் வேறுபிரிக்க இயலாது, இரண்டும் கறுப்பே. ஆதலால் சேர்மானம் அச்சிட்ட மைக்கோலையே வாங்கவேண்டும். ஊர்ப்பயணத்தில் அன்பளிப்பாக வந்த பெயரற்ற டப்பி எத்துணை அழகாயினும் விலக்குக. இமைமயிரின் வெளியோரமாக ஒரே இழுப்பு போதும். உள்விளிம்பில் இட்டால் கண்ணீரிற் கரைந்து, உச்சிப்பொழுதிற்குள் கண்ணின் கீழே இறங்கிவிடும். அக்காளும் தங்கையும் ஒரே மைக்கோலைப் பகிர்வது பாசத்தின் அடையாளமாகலாம். ‘மெட்ராஸ் ஐ’ பரவும் பருவத்தில் நோயையும் அதனோடு பகிர்வர்.

கைக்குழந்தைக்கு மை இடும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் உண்டு. கண் பெரிதாகும் என்பது நம்பிக்கை. கண் மையினாற் பெரிதாவதில்லை. நகம் கீறுதலும், அழுக்குச் சேர்ந்து கண் சீழ்ப்பிடித்தலும், ஈயம் புகுதலும் வரக்கூடும். திருஷ்டிப் பொட்டாவது வைப்போமே என்று பாட்டி கன்னத்தை விட்டு உள்ளங்காலில் வைப்பார். தன் காலைத் தானே வாயில் வைத்துச் சுவைக்கும் பருவத்துப் பிள்ளையிடம் அதுவும் பலிப்பதில்லை.

உதட்டுச்சாயம் ஒன்றே போதும். கன்னத்திற்கென வேறு வாங்கவேண்டா. விரல் நுனியில் சிறிது தொட்டுக் கன்னத்திற் பரப்பினால் இரண்டும் ஒரே நிறமாக இசைந்துவிடும். நம் நிறத்திற்குச் செங்கல் நிறமும் நாவற்பழச் சாயலும் பொலிவு தரும். வெளிர் ரோஜா நிறம் நோயாளியின் உதடுபோலக் காட்டுகின்றது என்பது நம் அபிப்பிராயம்.

நெற்றிக்கு இடும் வழக்கமுள்ளோர் இடுக, இல்லாதோர் விடுக. இடுவோர்க்குச் சொல்லவேண்டுவது, மஞ்சளோடு சுண்ணாம்பு சேரின் சிவக்கும் என்னும் ரசாயனத்தால் ஆன குங்குமம் வேறு, செவ்வீயத்தையோ பாதரசக் கந்தகத்தையோ பொடித்த சிந்தூரம் வேறு என்பதே. சுண்ணாம்பு சேர்த்துச் செய்த குங்குமத்தின்மீது எலுமிச்சஞ்சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஒட்டுப்பொட்டு வசதியானதுதான், ஆனால் அதன் பசையிலுள்ள ஒரு ரசாயனப் பொருள் சிலருக்கு அவ்விடத்தின் நிறத்தையே போக்கி வெண்புள்ளி ஆக்கிவிடும். அரிப்புத் தோன்றின் அன்றே நிறுத்தவேண்டும்.

குட்டிக்கூரா டப்பியின் மணம் இல்லாத காலைப்பொழுதை எண்ணிப் பார்க்க இயலாதோர் நம்முள் மூத்தவர்கள். அவர்கள் மன்னிப்பார்களாக. தூள் பறக்கும்படி முகப்பவுடர் அடிக்கும் வழக்கத்தைக் குழந்தை இருக்கும் அறையில் விட்டுவிடவேண்டும். அதன் நுண்துகள் சிசுவின் நுவரையீரலிற் சென்று மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடியது. குழந்தைக்குப் பூசுவதும் வேண்டா என்பதே குழந்தை வைத்தியர்களின் கொள்கை. எண்ணெய் வழியும் மூக்கின்மீது சிறிது ஒற்றிக்கொள்ள விரும்புவோர், பஞ்சில் எடுத்து, உதறாமல் அழுத்தினால் போதும்.

கூந்தலை இறுக முடிந்து, பூ இருந்தால் வைத்துப் புறப்படலாம். பிள்ளைப்பேற்றிற்குச் சில திங்கள் கழித்து மயிர் கொத்தாக உதிர்வது இயல்பு, தானே நிற்கும். அக்காலத்தில் இறுக்கிப் பின்னாமல் தளரக் கட்டுதல் நன்று.

ஆடவர்க்கு உரியது என்று முன்னே சொன்னது இதுதான்: இம்மூன்று நிமிஷமும் குழந்தை யார் கையில் இருக்கின்றது? அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் கண்ணுக்கு மையிடும் தாய், பதற்றத்திலும் பிள்ளையின் கைவீச்சிலும் கோலைக் கண்ணிற் குத்திக்கொள்வாள். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு ஒருவர் அக்குழந்தையை வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது.

இரவில், எத்துணைச் சோர்வாயினும், படுக்கையில் விழுமுன் இவற்றைக் களைந்துவிடவேண்டும். இரண்டு துளி தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்து, கண் மூடிய நிலையில் மையைத் துடைத்து, பின்னர் மென்மையான சவுக்காரமிட்டு முகம் கழுவலாம். கழுவாத முகத்தின் மையும் சாயமும் தலையணைக்குச் செல்லும். அத்தலையணையில்தான் நள்ளிரவில் அழுது எழுந்து வந்த பிள்ளையும் முகம் புதைத்து உறங்கும்.