மலை திருப்பித் தரும் மின்சாரம்

திருப்பதியில் திருமலை பஸ்ஸுக்கு யாரும் நேரம் கேட்பதில்லை. சித்தூர் பஸ் எப்போது, நெல்லூர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிறவர்கள்கூட, மலைப் பஸ் என்றால் நேரே போய் வரிசையில் நின்றுவிடுகிறார்கள். ஒன்று நிரம்பிக் கிளம்பும்போதே அடுத்தது வந்து நிற்கும். மாறாத ஒரே தடம், கடிகாரம் பார்க்கத் தேவையில்லாத அடுத்தடுத்த ஓட்டம், ஏறி இறங்கும் இடங்களைச் சுற்றி வளர்ந்த கடைத்தெரு என்று டிராமுக்கு உரிய குணங்கள் எல்லாம் இந்தப் பஸ்களுக்கு உண்டு. திருப்பதியில் டிராம் ஓடியதே இல்லை. ஆனால் 2022 செப்டம்பரில், பிரம்மோற்சவ நேரத்தில், மின்சார பஸ்கள் மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து மலையேறத் தொடங்கியபோது டிராமின் மோட்டாரும் இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

முதலில் தடத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் கீழ் திருப்பதி, மேல் திருப்பதி என்று இரண்டாகப் பிரித்தே பேசுவார்கள். கீழே மலைப் பஸ் புறப்படும் பெரிய இடம் ஏடுகொண்டலு பஸ் நிலையம். வேலூர், சித்தூர், காளஹஸ்தி பக்கமிருந்து வரும் கூட்டத்தை மத்தியப் பஸ் நிலையம் கொண்டுவந்து இறக்கும்; அதை அள்ளிக்கொண்டு போவது ஏடுகொண்டலுவின் வேலை. எதிரே, கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானத்தின் ஸ்ரீநிவாசம் விடுதி. ரயிலில் வருகிறவர்களுக்கு ஸ்டேஷன் வாசலிலேயே பஸ் உண்டு. அங்கே விஷ்ணு நிவாசம். இலவச தரிசன டோக்கனுக்காக இந்த இரண்டு விடுதிகளிலும் அலிபிரி பூதேவி வளாகத்திலும் வரிசை நிற்கும் நாட்களில், அந்த வட்டாரத்து டிபன் கடைகளில் அடுப்பு அணைவதே இல்லை. பஸ் நிற்கும் இடமும் டோக்கன் கொடுக்கும் இடமும் ஒன்றாக இருப்பதால், தரிசன முறையில் ஒரு விதி மாறினாலும் அந்தத் தெருவின் வியாபாரம் மாறும். வேறு ஊர் பஸ் நிறுத்தங்களுக்கு இந்தக் கவலை கிடையாது.

லீலா மஹால் சந்திப்பைத் தாண்டி, மலையடிவாரத்தில் அருவி கொட்டும் கபிலதீர்த்தத்தை ஒட்டிப் போகிற வழியில் ஊர் மெல்ல மெல்ல மலையைப் பார்த்துத் திரும்புகிறது. 2023இல் திறந்த ஸ்ரீநிவாச சேது மேம்பாலம், வெளியூர் வண்டிகளை நகர நெரிசலுக்கு மேலாகவே தூக்கிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் இறக்குகிறது. கடைசியில் அலிபிரி. இங்கே பஸ் பயணிகள் பையோடு இறங்கி, சோதனை முடித்து, மறுபடி ஏற வேண்டும். நடந்து போகிறவர்கள் மூட்டையைத் தேவஸ்தானத்திடம் ஒப்படைத்துவிட்டு, 3,500க்கு மேற்பட்ட படிகளை நோக்கிப் போவார்கள். மூட்டை வேனில் மேலே வந்து சேரும். படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் இடுகிறவர்களை நம்பியே இங்கே ஒரு கடை வரிசை பிழைக்கிறது. ஏறுகிறவர், நடக்கிறவர், திரும்பி வந்தவர் என மூன்று கூட்டமும் சந்திக்கிற ஒரே இடம் அலிபிரிதான்.

இந்தத் தடத்துக்கு வயது அதிகமில்லை. மலைக்கு வண்டிப் பாதை இல்லாத காலத்தில் நடை, முடியாதவர்களுக்கு டோலி. ஹாதிராம்ஜி மடத்தின் மஹந்துகளிடமிருந்து கோயில் நிர்வாகம் 1933இல் தேவஸ்தானக் குழுவின் கைக்கு வந்த பிறகுதான் சாலைப் பேச்சு சூடுபிடித்தது. பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா ஆலோசனை சொன்ன முதல் மலைச்சாலையை, 1944 ஏப்ரல் 10 அன்று சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் திறந்துவைத்தார். திருப்பதியும் சித்தூரும் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தன. அந்தச் சாலைக்கு நீளம் சுமார் 19 கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவுகள் 36. இரண்டாவது சாலை 1974இல் வந்தது. சுமார் 18 கிலோமீட்டர், வளைவுகள் ஆறே ஆறு. அன்று முதல் புதுச்சாலையில் ஏற்றம், பழைய சாலையில் இறக்கம். அதுவரை தேவஸ்தானமே ஓட்டிவந்த பஸ்களை 1975இல் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகம் எடுத்துக்கொண்டது.

ஏற்றத்துக்குப் புதுசு, இறக்கத்துக்குப் பழசு என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஏறும் வண்டிக்கு வளைவு எதிரி. ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்து, கியரைக் குறைத்து, மறுபடி உயிர்பிடித்து ஏற வேண்டும். இறங்கும் வண்டிக்கோ வளைவு காவல்காரன். அது வேகம் எடுக்க விடாது. போதாததற்கு நேர விதியும் உண்டு. ஏற்றத்தை 28 நிமிடத்துக்குள்ளும் இறக்கத்தை 40 நிமிடத்துக்குள்ளும் முடித்துவிட்டால், கிளம்பும்போது டோல்கேட்டில் கொடுத்த டோக்கனில் உள்ள நேரம் காட்டிக்கொடுத்துவிடும், அபராதம். கணக்குப் போட்டால் ஏற்றத்தில் சராசரி வேகம் மணிக்கு 39 கிலோமீட்டருக்கும், இறக்கத்தில் 29க்கும் மேல் போகக் கூடாது என்பதே அதன் பொருள். ஆளைத் துரத்திப் பிடிக்காமலே வேகத்தை அடக்குகிற எளிய வழி.

இனி இயந்திரத்துக்கு வருவோம். கீழ் திருப்பதி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 160 மீட்டர், திருமலை சுமார் 850 மீட்டர். ஒரு பஸ் ஒரு நடையில் ஏறக்குறைய 690 மீட்டர் உயர்கிறது. ஆட்களோடு சேர்த்து அதன் எடை 14 டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் 26 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும், நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட். டயர் உராய்வுக்கும் காற்றைக் கிழிப்பதற்கும் இன்னும் ஆறேழு யூனிட். எஞ்சினிலும் மோட்டாரிலும் வீணாவது தனி.

டயருக்கும் காற்றுக்கும் போனது போனதுதான். ஆனால் தூக்கச் செலவான 26 யூனிட் எங்கும் போய்விடவில்லை, மலைமேல் நிற்கிற பஸ்ஸின் உயரத்திலேயே இருக்கிறது. இறங்கும்போது அது வெளியே வந்தாக வேண்டும். வழியில் டயரும் காற்றும் ஆறேழு யூனிட்டைத் தின்னும். மீதி 20ஐ யாராவது வாங்கிக்கொள்ளாவிட்டால் பஸ் வேகமெடுத்துக்கொண்டே போகும். டீசல் பஸ்ஸில் வாங்கிக்கொள்வது பிரேக்கும் எஞ்சினும். 20 யூனிட் வெப்பம் என்றால், இருநூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். அவ்வளவையும் பிரேக் லைனிங் மட்டுமே தாங்கினால் டிரம் பழுத்து, லைனிங் பிடிப்பை இழக்கும். மிதித்தாலும் வண்டி நிற்காது. ஏறின கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது இதனால்தான். சின்ன கியரில் சக்கரமே எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கும், அந்தச் சிரமத்தில் வேகம் மட்டுப்படும். எக்ஸாஸ்ட் பிரேக்கும் இதற்குத் துணை. புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினைத் திணறவைக்கும். எப்படியானாலும் பாடுபட்டு மேலே ஏற்றிய ஆற்றல் சேஷாசலக் காட்டுக் காற்றைச் சூடாக்கியதோடு சரி.

மின் மோட்டார் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. மின்சாரம் கொடுத்தால் அது சுழலும். அதையே வெளியிலிருந்து சுழற்றினால் மின்சாரம் கொடுக்கும். டீசல் எஞ்சினை எவ்வளவு பின்னுக்குச் சுழற்றினாலும் டேங்கில் டீசல் ஊறாது. மின்சார பஸ்ஸில் டிரைவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன், கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாரை ஜெனரேட்டராக மாற்றிவிடும். உருளும் சக்கரம் மோட்டாரைச் சுழற்றும். பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்குப் போகும். மின்சாரம் எடுக்கப்படுவதாலேயே மோட்டார் சக்கரத்தை எதிர்த்து இழுக்கும். பஸ் வேகம் குறைவதும் பேட்டரி ஏறுவதும் ஒரே செயல்தான். போகிற வழியில் கொஞ்சம் இழப்பு இருக்கும். மேலே சொன்ன 20 யூனிட்டில் 12, 13 யூனிட் திரும்பினால்கூட, மலையேறச் செலவானதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கைக்கு வந்துவிடுகிறது. பிரேக் லைனிங்குக்கும் ஓய்வு.

சமவெளியில் இது இவ்வளவு லாபமில்லை. அதே பஸ் லீலா மஹால் சிக்னலில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால், அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் கால் யூனிட்கூட இல்லை. ஒரு மலை இறக்கம் தருவதைப் பெற எண்பது தடவைக்கு மேல் நின்று நின்று போக வேண்டும். சித்தூர் நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடும் பஸ்ஸுக்குத் திரும்பக் கிடைப்பது சொற்பம்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பேட்டரி நிரம்பியிருந்தால், வருகிற மின்சாரத்துக்கு உள்ளே இடமில்லை. பஸ் பழையபடி பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். ஆகவே சார்ஜ் ஏற்றும் இடம் மலை உச்சியில் இருப்பது பெரிய அபத்தமாகும். அலிபிரி டிப்போவில், அதாவது அடிவாரத்தில், முழுக்க ஏற்றிக்கொண்டு கிளம்பும் பஸ் மேலே போய்ச் சேரும்போது பேட்டரியில் தாராளமாக இடம் இருக்கும். இறங்கும்போது அதில் ஒரு பகுதியை நிரப்பிக்கொள்ளும். மலையின் தர்க்கத்தை அறிந்த ஏற்பாடு.

பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திருப்பும் வித்தை புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் டிராம்களில் அதைச் செய்து பார்த்தார்கள். டிராமிடம் பேட்டரி கிடையாது. இறங்கும் டிராம் தரும் மின்சாரத்தை அதே கம்பியில் ஏறிக்கொண்டிருக்கும் இன்னொரு டிராம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறுகிற வண்டி அந்த நேரத்தில் இல்லையென்றால் அதற்குக் கொள்வாரில்லை. மின்சாரமாக மாற்றாமலே எடையை எடையால் இழுக்கிற முறையும் உண்டு. 1888இல் தொடங்கிய ஹாங்காங் பீக் டிராமில் இரும்புக் கயிற்றில் இணைந்த இரண்டு பெட்டிகள். இறங்குகிற பெட்டியின் எடை ஏறுகிற பெட்டியை இழுக்க உதவும்.

நம் பக்கத்தில் டிராம் என்றால் சென்னைதான். 1895 மே 7 அன்று ஓடத் தொடங்கியது இந்தியாவின் முதல் மின்சார டிராம். முதலில் தண்டவாளங்களுக்கு நடுவே, தரைக்கு அடியில் ஒரு கால்வாயில் மின்கம்பியை வைத்தார்கள். ஐப்பசி மழை அதைச் சும்மா விடுமா? பிறகு கம்பி தலைக்கு மேலே போனது. பாரிமுனை, மவுண்ட் ரோடு, பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று ஓடிய அந்த வண்டிகள் நிறுவனத்தின் நஷ்டத்தோடு 1953 ஏப்ரலில் நின்றன. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று சித்தூரும் திருப்பதியும் சென்னை மாநிலத்தை விட்டு ஆந்திரத்துக்குப் போயின.

தண்டவாளப் பேச்சு திருமலையிலும் எழாமல் இல்லை. 2020இல் மலைக்கு இலகு ரயிலோ மோனோ ரயிலோ விடலாமா என்று தேவஸ்தானம் ஹைதராபாத் மெட்ரோ ரயில் நிபுணர்களிடம் யோசனை கேட்டது. சரிவு ஒரு தடையல்ல. திருமலைச் சாலை சராசரியாக 26 மீட்டருக்கு ஒரு மீட்டர்தான் உயர்கிறது. ஊட்டி மலை ரயில் 12க்கு ஒன்று ஏறுகிறது, பல்சக்கரத்தின் உதவியோடு. லிஸ்பன் நகரத்து டிராம்கள் பல்சக்கரமே இல்லாமல் அதைவிடச் செங்குத்தான தெருக்களில் ஏறுகின்றன. தடை வேறு இடத்தில் இருக்கிறது: இந்த மலையின் பாறைகளில்.

2021 டிசம்பர் 1 அன்று, பெருமழைக்குப் பிறகு, ஏற்றச் சாலையில் பாறைகள் உருண்டு விழுந்து சாலையைப் பெயர்த்தன. தண்டவாளமாக இருந்திருந்தால் அது சீராகும்வரை ஒரு பெட்டியும் ஏறியிருக்காது. பஸ்களோ பழைய சாலையில் ஏறி, இரண்டு மலைச்சாலைகளையும் இடைவழியில் சேர்க்கும் இணைப்புச் சாலை வழியாகப் புதுச்சாலையின் மேல்பாதியைப் பிடித்துத் திருமலை போய்ச் சேர்ந்தன.