ஜனாதிபதி பதவியில் ஆசை இல்லை என்ற சொல்லை நம்பலாமா?

எமது நாட்டின் அரசியல்வாதிகள் அடிக்கடி உச்சரிக்கின்ற வாசகங்களுள் "ஜனாதிபதியாகும் எண்ணம் எனக்கு இல்லை" என்பதும் ஒன்று. ஊடகவியலாளர் மாநாடுகளில், விகாரை வழிபாடுகளின் பின்னர், கட்சி சம்மேளன மேடைகளில் என்று இந்த வாசகம் ஒலிக்காத இடமில்லை. சொல்பவர்களின் கட்சியும் நிறமும் மாறுகின்றனவே தவிர வாசகம் மாறுவதில்லை. இச்சொல்லை நம்பி வாக்களித்து, பின்னர் ஏமாற்றமடைந்த அனுபவம் இந்நாட்டின் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு நிறையவே உண்டு என்பதால், இவ்விடயத்தைச் சற்று ஆராய்வது பொருத்தமானது எனக் கருதுகின்றோம்.

இத்தகைய மறுப்புகளைக் கூர்ந்து வாசித்தால் அவற்றில் பெரும்பாலானவை உண்மையில் மறுப்புகளே அல்ல என்பது புலப்படும். 'தற்போதைக்கு அப்படியொரு எண்ணம் இல்லை', 'கட்சி தீர்மானிக்கும்', 'மக்கள் அழைத்தால் மறுக்க முடியாது' என்றே அவை பெரும்பாலும் அமைகின்றன. தற்போதைக்கு இல்லாத எண்ணம் அடுத்த மாதம் வருவதற்கு எந்தத் தடையும் கிடையாது. மக்கள் அழைத்தார்களா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவரும் அதே அரசியல்வாதிதான்.

மறுப்பதற்கு வலுவான காரணங்களும் உள்ளன. முதலாவது பதவிக்காலத்தில் நான்கு ஆண்டுகள் கடந்த பின்னர் தமக்கு வாய்ப்பான வேளையில் தேர்தலை அறிவிப்பதற்கு, 1982 ஆம் ஆண்டின் 3 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஜனாதிபதிக்கு வழிசெய்தது. 1982, 1999, 2010, 2015 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தல்கள் யாவும் உரிய காலத்துக்கு முன்னரே நடத்தப்பட்டவை. தேர்தல் நாளையே ஆளுபவர் தெரிவு செய்கின்ற ஆட்டத்தில், போட்டியிட விரும்புபவர் முன்கூட்டியே தமது எண்ணத்தை வெளியிட்டால் அவருக்கு எதிரான பிரசாரமும் அன்றே ஆரம்பமாகிவிடும். 2014 நவம்பர் 21 ஆம் திகதி எதிரணியின் பொது வேட்பாளராக வெளிப்பட்ட மைத்திரிபால சிறிசேன, அதுவரையில் மஹிந்த ராஜபக்ஷ அரசாங்கத்தின் சுகாதார அமைச்சராகவும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளராகவும் இருந்தவர். முதல்நாள் இரவு ஜனாதிபதியுடன் அமர்ந்து அப்பம் உண்டார் என்று தென்னிலங்கையில் பேசப்படுகின்ற கதையை வாசகர்கள் அறிவர். அந்த அப்பத்துக்கு முன்னர் அவரிடம் எவராவது கேட்டிருந்தால் அவரும் இல்லை என்றே கூறியிருப்பார் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் நாம் இங்கு கவனம் செலுத்த விரும்புவது, பதவிக்கு வருமுன்னர் கூறப்படும் மறுப்பைப் பற்றியல்ல. பதவியில் அமர்ந்துகொண்டு, மீண்டும் இதனை நாடமாட்டேன் என்று அளிக்கப்படும் வாக்குறுதியே சிறுபான்மைச் சமூகங்களைப் பெரிதும் பாதித்துள்ளது.

2015 ஜனவரி 8 ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் மைத்திரிபால சிறிசேன 62 இலட்சத்து 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். மஹிந்த ராஜபக்ஷவுக்கும் அவருக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் 4 இலட்சத்து 49 ஆயிரம் வாக்குகள். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல ஆகிய ஐந்து தேர்தல் மாவட்டங்களில் அவர் தமது போட்டியாளரை விட மேலதிகமாகப் பெற்ற வாக்குகளைக் கூட்டினால், அத்தொகை இந்த நாடளாவிய வித்தியாசத்தையே விஞ்சி நிற்கும். 2014 ஜூனில் அளுத்கமையில் எரிந்த தீயின் வெப்பம் தணியாத முஸ்லிம் மக்களும், யுத்தம் முடிந்து ஐந்தாண்டுகள் கடந்தும் தீர்வேதும் காணாத தமிழ் மக்களும் ஒரே திசையில் வாக்களித்த அபூர்வமான தேர்தல் அது.

மறுநாள் சுதந்திர சதுக்கத்தில் சத்தியப்பிரமாணம் செய்துகொண்ட புதிய ஜனாதிபதி, தாம் மீண்டும் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். அந்த அறிவிப்புக்குத் தென்னிலங்கையில் கிடைத்த வரவேற்பை விட வடக்கு கிழக்கில் கிடைத்த முக்கியத்துவம் அதிகம். அதற்குத் தகுந்த காரணம் இருந்தது. இனப்பிரச்சினைக்குத் தீர்வு காணப் புறப்பட்ட தலைவர்கள் பலரும் அடுத்த தேர்தலில் சிங்கள வாக்குகள் கைநழுவிவிடும் என்ற அச்சத்தால் பின்வாங்கிய வரலாறு எம்மிடம் உண்டு. அடுத்த தேர்தலே இல்லாத ஒருவருக்கு அந்த அச்சம் எதற்கு? இந்த எளிய கணக்கின் மீதுதான் புதிய அரசியலமைப்புப் பற்றிய எதிர்பார்ப்பு முழுவதும் கட்டியெழுப்பப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மாதுளுவாவே சோபித தேரரின் இறுதிக் கிரியைகளின்போது, நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக அவர் மீண்டும் உறுதியளித்தபோது நம்பிக்கை மேலும் வலுத்தது.

பின்னர் நடந்தவை தெரிந்தவையே. 2016 இல் பாராளுமன்றம் அரசியலமைப்புப் பேரவையாகக் கூடியது. 2017 செப்டெம்பரில் வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை வெளிவந்தது. அத்தோடு தேர் நின்றுவிட்டது. 2018 ஜனவரியில் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் ஒரு கேள்வியை முன்வைத்தார். தாம் ஆறு ஆண்டுகள் பதவியில் நீடிப்பதற்குத் தடை உண்டா என்பதே அக்கேள்வி. ஐந்து ஆண்டுகளே என்று நீதிமன்றம் பதிலளித்தது. பதவியில் பற்றில்லை எனக் கூறிய ஒருவர், பதவிக்காலத்தில் மேலும் ஓராண்டு கிடைக்குமா என்று நீதிமன்றத்திடம் வினவ நேர்ந்தது ஏன் என்ற கேள்வி அன்றே எழுந்தது. அடுத்த மாதம் நடைபெற்ற உள்ளூராட்சி மன்றத் தேர்தலில் அவர் தலைமை தாங்கிய அணிகள் இரண்டும் சேர்ந்து 15 சதவீத வாக்குகளைக்கூட எட்டவில்லை. ஒக்டோபர் 26 ஆம் திகதி, தாம் யாரைத் தோற்கடித்தாரோ அவரையே பிரதமராக நியமித்தார். நவம்பரில் பாராளுமன்றத்தைக் கலைத்தார். டிசெம்பரில் அக்கலைப்பு செல்லுபடியற்றது என உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர், மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொடைப் பிரதேசங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அந்த மாதத்திலேயே, நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைத்தண்டனை அனுபவித்து வந்த ஞானசார தேரருக்கு ஜனாதிபதி பொதுமன்னிப்பு வழங்கினார். அதன் நோக்கம் எதுவாயினும், தேர்தல் ஆண்டொன்றில் அது யாருடைய மனதைக் குளிர்விக்கும் என்பதை முஸ்லிம் மக்கள் விளங்கிக்கொள்ளாமல் இருந்திருக்க முடியாது.

இத்தனைக்கும் பின்னர், 2019 நவம்பர் தேர்தலில் மைத்திரிபால சிறிசேன போட்டியிடவில்லை! 2015 ஜனவரியில் அளித்த வாக்குறுதி எழுத்தளவில் காப்பாற்றப்பட்டுவிட்டது. எட்டாத பழம் புளிக்கும் என்ற நரியின் கதைதான் இங்கு நினைவுக்கு வருகின்றது. வாக்குறுதியின் சொல் நிலைத்தது; எந்தப் பயனை நாடி அது வரவேற்கப்பட்டதோ அந்தப் பயன் கிட்டவில்லை. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதப் பொதுத் தேர்தலில் அவர் பொலன்னறுவையில் போட்டியிட்டுப் பாராளுமன்றம் புகுந்தார்.

இவ்விடயத்தில் அவரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. 1995 ஜூலை 15 ஆம் திகதிக்கு முன்னர் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக உறுதியளித்து 62 சதவீத வாக்குகளைப் பெற்ற சந்திரிகா குமாரதுங்க, 1999 இல் அதே பதவிக்கு மீண்டும் போட்டியிட்டார். 2000 ஓகஸ்டில் அவர் சமர்ப்பித்த அரசியலமைப்பு நகல் ஜனாதிபதி முறையை ஒழித்தது. ஆயினும் இடைக்கால ஏற்பாடுகளின் மூலம் அவர் பதவியில் நீடிக்க வழிவிட்டது. எதிர்க்கட்சியினர் அந்த நகலைச் சபையிலேயே எரிப்பதற்கு அதுவே வாய்ப்பான காரணமாயிற்று. அதிகாரப் பகிர்வில் அதுவரை முன்வைக்கப்பட்ட யோசனைகளுள் குறிப்பிடத்தக்க ஒன்று அத்தோடு மடிந்தது. மஹிந்த ராஜபக்ஷவும் ஒழிப்பதாகக் கூறியே 2005 இல் வந்தார். 2010 செப்டெம்பர் 8 ஆம் திகதி 18 ஆவது திருத்தத்தின் மூலம், ஒருவர் இருமுறைக்கு மேல் பதவி வகிக்க முடியாது என்ற வரம்பே நீக்கப்பட்டது. அத்திருத்தத்துக்கு ஆதரவாக 161 வாக்குகள் கிடைத்தன. அவற்றுள் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் வாக்குகளும் அடங்கும் என்பதை மறைப்பதற்கில்லை.

பதவியாசை உண்மையிலேயே இல்லாத ஜனாதிபதி எவரும் இருந்ததில்லையா என்றால், ஒருவர் இருந்தார். 1993 மே மாதம் ரணசிங்க பிரேமதாச கொல்லப்பட்ட பின்னர் பாராளுமன்றத்தால் தெரிவு செய்யப்பட்ட டி.பி. விஜேதுங்க, 1994 பொதுத் தேர்தலில் தமது கட்சி தோல்வியடைந்ததும் தடையேதும் விதிக்காமல் சந்திரிகாவைப் பிரதமராக நியமித்தார். அவ்வாண்டு நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் தாம் போட்டியிடாது பிலிமத்தலாவைக்குத் திரும்பினார். அவருடைய மறுப்பை நம்பலாம். ஆனால் பெரும்பான்மையினரை மரத்துக்கும் சிறுபான்மையினரை அதைப் பற்றிப் படரும் கொடிகளுக்கும் ஒப்பிட்டவரும் அவரே. பதவியில் ஆசையற்றவர் எம்மீது அன்புள்ளவராகவும் இருப்பார் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஆதலால் ஒருவரின் மனதில் ஆசை இருக்கின்றதா என்று ஊகிப்பதில் காலம் கழிப்பதை விட, அவருடைய சொல்லை மீறினால் அவர் எதை இழப்பார் என்று கேட்பதே பயனுள்ளது. 2015 ஏப்ரலில் 19 ஆவது திருத்தம் நிறைவேறியபோது ஒரேயொரு உறுப்பினர் மட்டுமே எதிர்த்து வாக்களித்தார். இருமுறை வரம்பு மீண்டும் வந்தது. பதவிக்காலம் ஐந்தாண்டுகளாகக் குறைந்தது. ஆனால் அப்போது பதவியிலிருந்தவர் மீண்டும் போட்டியிட முடியாது என்ற ஒரு வரி அதில் எழுதப்படவில்லை. மூன்று மாதங்களுக்கு முன்னர் நாட்டு மக்கள் முன்னிலையில் அவரே கூறிய வாக்கைச் சட்டமாக்குவதற்கு அவரால் ஆட்சேபம் தெரிவித்திருக்கவும் முடியாது. அந்த வரியைக் கோருவதற்கான பலம் தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகளிடம் அன்று இருந்தது. வாய்மொழியே போதுமென்று விடப்பட்டது.

நிறைவேற்று ஜனாதிபதி முறை நீங்குவது சிறுபான்மையினருக்கு நன்மையா என்பதில் எமது சமூகங்களிடையே கருத்தொற்றுமை இல்லை. நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொள்ளும் தேர்தலில் எமது வாக்குகளுக்கு ஒரு பெறுமதி உண்டு என்போர் இருக்கின்றனர். 2005 இல் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பினால் யாழ். மாவட்டத்தில் 1.2 சதவீதமானோரே வாக்களித்தனர். நாடளாவிய வெற்றி 1 இலட்சத்து 81 ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளால் தீர்மானிக்கப்பட்டது. அந்த வாதத்தை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் அந்தப் பெறுமதி வாக்களிக்கும் நாளோடு தீர்ந்துவிடுவதே எமது அனுபவமாகும்.

2024 செப்டெம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியும், புதிய அரசியலமைப்பின் மூலம் இப்பதவியை ஒழிப்பதாகத் தனது விஞ்ஞாபனத்தில் கூறியே வெற்றிபெற்றது. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் அதற்குக் கிடைத்தவை 159 ஆசனங்கள். மூன்றில் இரண்டுக்குத் தேவையானவை 150. 1994 இல் சந்திரிகாவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்குக் கிடைத்தவை 105 ஆசனங்களே. எண்ணிக்கை போதவில்லை என்று அவர் கூறிய காரணத்தை அநுரகுமார திசாநாயக்கவினால் கூற முடியாது. அடுத்த கட்டம் சர்வஜன வாக்கெடுப்பு. அதற்கும் மக்களின் ஆணை தமக்குண்டு என்றே அவர்கள் மேடைகளில் கூறி வந்துள்ளனர். எமது பிரதிநிதிகள் அவரிடம் மீண்டும் போட்டியிடுவீர்களா என்று கேட்டு ஒரு மறுப்பைப் பெற்றுவருவதை நாம் எதிர்பார்க்கவில்லை. சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகும் திகதி எது, பதவியிலிருப்பவருக்கான இடைக்கால ஏற்பாட்டில் என்ன எழுதப்படும், அதே சட்டமூலத்தில் மாகாண சபைகளுக்கு உரியது என்ன என்ற மூன்றையும் அவர்கள் கேட்க வேண்டும். பதிலை எழுத்தில் பெற வேண்டும்.