தெம்மாங்குக்குத் துணை வந்த வயலின்கள்

பாவலர் சகோதரர்கள், பண்ணைப்புரத்து அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்திய பாட்டுக் குழு. தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர் வழியாகக் கம்பம் போகும் சாலைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். மூத்தவர் பாவலர் வரதராஜன் பாட்டுக் கட்டிப் பாடுவார். பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகிய தம்பிகள் வாசித்தும் பாடியும் துணை நின்றார்கள். பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லை. கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளே அவர்களுடைய அரங்கம். மக்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டில் புதுச் சொற்களைப் போட்டுப் பாடினால் கூட்டம் சட்டென்று பிடித்துக்கொள்ளும். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடையே வரதராஜன் பாடிய பாட்டுகளுக்குத் தனிப் பெயர் உண்டு.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் இசையில் இரண்டு வகை கேட்கும். ஒன்று, வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டிக்கு முன்னால் முழங்கும் உறுமி, தவில். மற்றது தாலாட்டும் நடவுப்பாட்டும்: கருவியே இல்லாத, தணிந்த ஒற்றைக் குரல். இளையராஜா பின்னாளில் வயலின்களைத் துணைக்கு அனுப்பியது பெரும்பாலும் இந்த இரண்டாவதற்குத்தான்.

1968இல் சென்னைக்கு வந்தவர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976இல் அவர் இசையமைத்த ‘அன்னக்கிளி’ படம் வந்தது. எஸ். ஜானகியின் குரலில் கிராமத்து மெட்டு அப்படியே நிற்க, சுற்றிலும் வயலின், புல்லாங்குழல், கிடார். அடுத்தடுத்த படங்களில் இந்த முறை கூர்மையானது. பாடகர் ஒரு மெட்டில் போக, பேஸ் கிடார் வேறொரு மெட்டில் போகும். வயலின்கள் மூன்றாவதைப் பிடிக்கும். மூன்றும் முட்டிக்கொள்ளாது. குரலை உரக்க ஒலிக்க விடாமலே பாட்டுக்கு ஆழம் கூடும் ரகசியம் இதுதான். நாட்டுப்புறச் சாயலுள்ள மென்குரலைச் சிறு வாத்தியக் குழுவோடு சேர்க்கும் பாணியை மேற்கில் ‘இண்டி ஃபோக்’, ‘சேம்பர் பாப்’ என்கிறார்கள். அந்தப் பாணிக்கு எடுத்துக்காட்டான, அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸின் ‘இல்லினாய்’ தொகுப்பு வந்தது 2005இல். தமிழ்நாட்டு டீக்கடை ரேடியோக்களுக்கு அந்தச் சேர்க்கை அதற்குள் பழகிப்போயிருந்தது.

பாடலே இல்லாமல் இளையராஜா இதைச் செய்துபார்த்தது 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை ஜே.எஸ். பாக்குக்கும் காணிக்கையான அதில் முதன்மை வயலின் வி.எஸ். நரசிம்மனுடையது. 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. நரசிம்மன் பிறகு மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவை அமைத்து, கர்நாடகக் கீர்த்தனைகளை இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்குப் பிரித்து எழுதினார்.